வெற்றிருக்கைகளின் முன் ஒரு பிரசங்கம்: அமெரிக்க அங்கதத் திரைப்படமொன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

1

சமயத்தின் பெயரால் நடைபெறும் வாணிபத்தை எள்ளி நகையாடும் கலைப்படைப்பு எதனைக் கண்டாலும் முற்போக்கு விமர்சகர்களாகிய நாம் அதனை விரைந்து வரவேற்றுவிடுகிறோம். போலிப் போதகரின் முகத்திரை கிழிந்தது என்று எழுதி மனநிறைவும் அடைகிறோம். ஆனால், கிழிந்த திரைக்குப் பின்னால் இருப்பது ஒரு தனிமனிதனின் முகமா, அன்றி ஒரு சமூக உறவா என்னும் வினாவை நாம் எப்போதும் எழுப்புவதில்லை. எழுப்பாதவிடத்து, நமது விமர்சனம் ஒழுக்கவாதிகளின் கண்டனத்தினின்றும் வேறுபடாது போகிறது. "போதகர் கெட்டவர், ஆகவே அவரை நீக்கி நல்லவர் ஒருவரை அமர்த்துக" என்பதே அதன் உட்கிடக்கை. இம்முடிவுக்கு வருவதற்கு மார்க்சியம் தேவையில்லை.

இதற்கு மறுபுறத்தில் இன்னொரு தவறும் உண்டு. 1844ஆம் ஆண்டு வெளியான, ஹெகலின் சட்டத் தத்துவம் பற்றிய விமர்சனத்துக்கான முன்னுரையில் மார்க்ஸ் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்டமையை யாவரும் அறிவர். அதே இடத்தில், சமயம் மெய்யான துன்பத்தைப் புலப்படுத்துவதாகவும் அத்துன்பத்தை எதிர்ப்பதாகவும் ஒருசேர அமைவதை அவர் சுட்டினார் என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே. முதற்பாதியை மறந்தவர்களுக்கு நம்பிக்கையுள்ள மனிதன் ஒரு மூடனாகவே தென்படுவான். மூடனைப் பார்த்துச் சிரிப்பது எளிது; அச்சிரிப்பினால் எவரும் எதனையும் அறிந்துகொள்வதில்லை.

இவ்விரு தவறுகளையும் மனங்கொண்டு, அமெரிக்காவில் உருவான ஓர் அங்கதத் திரைப்படத்தை இக்கட்டுரையில் நோக்க விழைகின்றோம். ‘ஹொங்க் ஃபோர் ஜீசஸ். சேவ் யுவர் சோல்.’ என்பது படத்தின் பெயர். "இயேசுவுக்காக ஹோர்ன் அடியுங்கள், உங்கள் ஆன்மாவை இரட்சித்துக்கொள்ளுங்கள்" என்பது அதன் பொருள். அடம்மா ஈபோ என்னும் கறுப்பினப் பெண் எழுதி நெறியாள்கை செய்த முதலாவது முழுநீளப் படம் இது. இதே பெயரில் 2018இல் தாம் ஆக்கிய குறும்படத்தை விரித்து, தமது இரட்டைச் சகோதரி அடன்னே ஈபோவையும் தயாரிப்பில் இணைத்துக்கொண்டு அவர் இதனை உருவாக்கினார். 2022 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, அவ்வாண்டு செப்டெம்பரிற் பொதுப் பார்வைக்கு வந்தது.

2

படத்தினுட் புகுமுன் அதன் பகைப்புலத்தைச் சிறிது விளக்குதல் அவசியம். தொலைக்காட்சிப் பிரசங்கம் சில பேராசைக்காரர்களின் கண்டுபிடிப்பு அன்று. அதற்கென ஒரு பொருளாதார வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஒலிபரப்பு நிறுவனங்கள் தொடக்கத்தில், பொதுநலச் சேவை என்னும் கணக்கிற் சமய நிகழ்ச்சிகளுக்கு இலவசமாக நேரம் ஒதுக்கி வந்தன. அந்நேரம் பெரும்பாலும் பிரதான திருச்சபைகளுக்கே கிடைத்தது. 1960ஆம் ஆண்டில், அந்நாட்டின் ஒலிபரப்புத் துறையைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சி ஆணைக்குழு, பணத்துக்கு விற்கப்படும் நேரத்தில் ஒளிபரப்பாகும் சமய நிகழ்ச்சிகளையும் பொதுநலக் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம் என்னும் நிலைப்பாட்டை எடுத்தது. விற்கக்கூடிய ஒன்றை இலவசமாக வழங்க எந்த முதலாளி முன்வருவார்? 1959இல் சமய ஒளிபரப்பில் 53 சதவீதம் பணங்கொடுத்து வாங்கப்பட்ட நேரமாக இருந்தது. 1977இல் அது 92 சதவீதமாயிற்று.

வேறுவிதமாகக் கூறின், இறைவார்த்தைக்கான நேரம் பண்டமாயிற்று. நேரத்தை வாங்குவதற்குப் பணம் வேண்டும். பணத்தைத் திரட்டுவதற்கு மேலும் நேரம் வேண்டும். இச்சுழற்சியினுள் அகப்பட்ட போதகர், நல்லவராயினும் தீயவராயினும், பணம் கேட்டேயாக வேண்டும். மாதம் 10 டொலர் வீதம் தருவதற்கு 700 பேர் வேண்டுமென 1963இல் வேண்டுகோள் விடுத்த பற் றொபேர்ட்சனின் நிகழ்ச்சி பின்னர் அவ்வெண்ணையே தனது பெயராகக் கொண்டமை குறியீட்டு முக்கியத்துவம் உடையது. காணிக்கையை ‘விதை’ என்றும், விதைத்தவன் பன்மடங்கு அறுப்பான் என்றும் ஓரல் றொபேர்ட்ஸ் போன்றோர் போதித்தபோது, கொடை முதலீடாகவும் இறையருள் இலாபமாகவும் உருமாறின. செழிப்பு உபதேசம் என இன்று வழங்குவது இதுவே.

1987ஆம் ஆண்டு இத்துறையின் நெருக்கடி ஆண்டாகும். அவ்வாண்டுத் தொடக்கத்தில், மார்ச் மாத முடிவுக்குள் 80 இலட்சம் டொலர் சேராவிடின் கடவுள் தம்மை அழைத்துக்கொள்வார் என ஓரல் றொபேர்ட்ஸ் அறிவித்தார். மார்ச்சில் ஜிம் பேக்கர் தமது பதவியைத் துறந்தார். 1,000 டொலர் கொடுப்போருக்கு ஆண்டுதோறும் மூன்று இரவுகள் தங்கிச் செல்லும் வாழ்நாள் உரிமை தருவதாக, இருந்த அறைகளுக்கு மிஞ்சி விற்றமை தொடர்பாக 1989இல் அவர் 24 குற்றச்சாட்டுகளிற் குற்றவாளியாகக் காணப்பட்டு 45 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது, 1994இல் விடுதலையானார், 2003இல் மீண்டும் தொலைக்காட்சியிற் தோன்றினார். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒருவர் வீழ்ந்தமையை அன்று. அவர் வீழ்ந்தபோதும் வடிவம் வீழாமையையே. 2007இல் செனற்றர் சாள்ஸ் கிறாஸ்லி ஆறு பிரசங்கிகளின் செலவினங்களை விசாரிக்கத் தொடங்கினார். 2011 ஜனவரியில் எவருக்கும் தண்டனையின்றி அவ்விசாரணை முடிவுற்றது. திருச்சபைகள் தமது ஆண்டு வரவுசெலவை வரித் திணைக்களத்துக்குச் சமர்ப்பிக்க வேண்டியதில்லை என்பது அந்நாட்டின் சட்டம்.

3

ஈபோவின் படம் நிகழும் களம் அற்லாண்டா. அங்குள்ள கறுப்பினத் திருச்சபையின் வரலாறு மேற்கூறிய வெள்ளையினப் பிரசங்கிகளின் வரலாற்றினின்றும் வேறுபட்டது. அடிமைமுறையிலிருந்து வந்த மக்கள் தமக்கெனச் சொந்தமாகக் கொண்டிருந்த நிறுவனங்களுள் முதன்மையானது திருச்சபையே. அது வழிபாட்டிடமாக மாத்திரமன்றிப் பள்ளியாகவும் நிதியமாகவும் அரசியல் மன்றமாகவும் விளங்கிற்று. 1955–56இல் மொன்ற்கொமரி நகரிற் பேருந்துப் புறக்கணிப்பு ஓராண்டுக்கு மேல் நீடித்தபோது, மக்கள் கூடியது தேவாலயங்களில். மாற்றுப் போக்குவரத்துக்கான நிதி திரண்டதும் அங்குதான். மார்ட்டின் லூதர் கிங்கும் அவர்தம் தோழர்களும் 1957இல் அமைத்த தென்னகக் கிறிஸ்தவத் தலைமைத்துவ மாநாடு அற்லாண்டாவையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அக்காலத்துக் காணிக்கைத் தட்டில் விழுந்த நாணயத்துக்கு ஒரு கூட்டுப் பொருள் இருந்தது. ‘எமக்கு’ எனக் கொடுத்தார்களேயன்றி ‘எனக்கு’ எனக் கொடுக்கவில்லை.

அதே நகரிலும் சுற்றுப்புறத்திலும் அடுத்த தலைமுறையில் எழுந்த மாபெரும் சபைகள் வேறொரு பொருளைத் தரலாயின. கூட்டு விடுதலையின் இடத்தைத் தனிமனித முன்னேற்றம் பிடித்தது. போதகரின் சொகுசு வாகனம் அவரது குற்றமாகவன்றி அவரது சாட்சியாகக் காட்டப்பட்டது. 2015இல் கிறெஃப்லோ டொலர் என்னும் போதகர் ஏறத்தாழ 65 மில்லியன் டொலர் பெறுமதியான ஜெற் விமானம் ஒன்றுக்காகத் தம்மைப் பின்பற்றுவோரிடம் நிதி கோரியமை இப்போக்கின் உச்சம் எனலாம். வேறொரு மாபெரும் சபையின் தலைவரான எடி லோங்குக்கு எதிராக 2010இல் இளைஞர் சிலர், அவர் தமது ஆன்மிக அதிகாரத்தைப் பயன்படுத்தித் தம்மைப் பாலியல் உறவுக்கு உட்படுத்தினார் எனக் குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுத்தனர். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2011இல் வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டன. ஈபோவின் படம் எவருடைய வரலாற்றையும் கூறுவதாக உரிமை கொண்டாடவில்லை. ஆயினும் அந்நகரத்தார் எவரும் இச்செய்திகளை மறந்து அதனைப் பார்த்திருக்க இயலாது.

4

கதை சுருக்கமானது. லீ-கேர்ற்றிஸ் சைல்ட்ஸ் என்னும் போதகரும் அவர் மனைவி ட்ரினிற்றியும் பல்லாயிரம் பேர் கூடிய ஒரு பப்ரிஸ்ற் மாபெரும் சபையை நடத்தி வந்தவர்கள். ஓரினச் சேர்க்கையைப் பிரசங்க மேடையிற் கண்டித்து வந்த போதகரே இளைஞர்களுடன் முறைகேடாக நடந்துகொண்டார் என்னும் குற்றச்சாட்டு எழ, சபை கலைகிறது. பணங்கொடுத்து விடயம் தீர்க்கப்படுகிறது. எஞ்சியிருப்போர் ஐவர் மாத்திரமே. உயிர்த்த ஞாயிறை ஒட்டி ஆலயத்தை மீளத் திறந்து, இழந்த பெருமையை மீட்கத் தம்பதியர் முனைகின்றனர். அம்மீட்சியைப் பதிவுசெய்ய ஒரு விவரணப்படக் குழு வந்து சேர்கிறது. நாம் பார்ப்பதிற் பெரும்பகுதி அக்குழுவின் கமரா எடுத்ததாகக் காட்டப்படுவதே.

தொலைக்காட்சிப் பிரசங்கம் பற்றிய அங்கதம் என்னும் வகையில் இப்படத்தின் தனித்தன்மை இங்கேதான் அமைகின்றது. இத்தகைய ஏனைய படங்கள் பிரசங்கியை அவரது வெற்றியின் நடுவே, ஒளிவெள்ளத்தில், ஆரவாரிக்கும் கூட்டத்தின் முன் காட்டுவன. இப்படமோ, கூட்டம் போனபின் தொடங்குகிறது. பழைய ஒளிப்பதிவுத் துண்டுகளில் மாத்திரமே அந்த ஆரவாரம் எஞ்சுகிறது. கூட்டத்தை இழந்த போதகருக்குக் கமரா ஒன்றே சபை. அவர் அதனை நோக்கிப் பிரசங்கிக்கிறார்; அதனை நோக்கிப் புன்னகைக்கிறார்; அது தம்மை மீண்டும் உற்பத்தி செய்துவிடும் என நம்புகிறார். சபைக்காகக் கமரா என்றிருந்த உறவு, கமராவுக்காகச் சபை என்று தலைகீழாகிவிட்டதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

படத்தின் சட்டகமும் இவ்வுண்மைக்குத் துணைசெய்கிறது. விவரணக் குழுவின் கமரா முன்னால் நிகழ்வன ஓர் அளவுச் சட்டகத்திலும், அக்கமரா இல்லாதவிடத்து, படுக்கையறையிலும் தனிமையிலும் நிகழ்வன அகன்ற வேறொரு சட்டகத்திலும் காட்டப்படுகின்றன. முன்னதில் ஒன்றியிருக்கும் தம்பதியர் பின்னதில் ஒருவரையொருவர் தொடவும் இயலாதவராய் உள்ளனர். ஆயினும், முன்னது பொய், பின்னது மெய் என எளிதிற் பிரித்துவிட முடியாது. கமரா அணைந்த பின்னரும் அவர்கள் தமது பாத்திரங்களையே நடிக்கின்றனர். பொதுவாழ்வின் விளம்பரம் அகவாழ்வின் மொழியாகிவிட்டது.

5

அங்கதத்தைத் தொல்காப்பியர் செய்யுளியலில் இரண்டாக வகுத்தார்: வசையை வெளிப்படக் கூறும் செம்பொருள் அங்கதம், வசையை மறைத்துக் கூறும் பழிகரப்பு அங்கதம். தமிழ் மாணவர் யாவரும் அறிந்த இப்பாகுபாடு திரைப்படத்துக்கும் பொருந்துவதே. ஈபோவின் முறை பெரும்பாலும் பழிகரப்பு அங்கதமாகும். போதகர் தமது உடைகள் அடுக்கப்பட்ட அறைக்குக் கமராவை அழைத்துச் சென்று, விலையுயர்ந்த அங்கிகளையும் காலணிகளையும் ஒவ்வொன்றாகப் பெருமையுடன் காட்டுகிறார். படம் ஒரு சொல்லும் கூறுவதில்லை, சிரிக்கவும் இல்லை, பார்த்துக்கொண்டு மாத்திரம் இருக்கிறது. அப்பார்வை சிறிது நீடிப்பதுதான் வசை.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பாராட்டிய செய்தி இவ்விடத்து நம் நினைவுக்கு வருகிறது. அங்கே ஆயுதங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய்பூசிப் பளபளக்கின்றன. அதியமானுடையவையோ போரில் நுனி முறிந்து கொல்லனின் பட்டடையிற் கிடக்கின்றன. பளபளப்பே பயனின்மைக்குச் சான்றாகிவிடுகிறது. லீ-கேர்ற்றிஸின் அங்கிகளும் அவ்வகையினவே. பொன்னிற அரியணைகளில் அருகருகே அமர்ந்திருக்கும் தம்பதியரின் முன்னால் வெற்றிருக்கைகள் வரிசை வரிசையாய் விரிந்து கிடக்கின்றன. உழைப்பு விலகிச் சென்றபின் மூலதனம் எவ்வாறு தோற்றமளிக்கும் என்பதற்கு இக்காட்சியை உதாரணமாகக் கூறினும் தவறாகாது. அரியணை இருக்கிறது, அதனைப் பொன்னாக்கியவர்கள் இல்லை. அவர்கள் எழுந்து சென்றதும் அது வெறும் நாற்காலியாயிற்று.

இந்த அங்கதம் மென்மையானது என்பதைக் குறையாகச் சிலர் கூறக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இது வெளியிலிருந்து எறியப்பட்ட கல் அன்று. அற்லாண்டாவின் சபைப் பண்பாட்டை உள்ளிருந்து அறிந்த ஒருத்தியின் சிரிப்பு. பெண்கள் ஒருவரையொருவர் ஆசீர்வதிக்கும் சொற்களாலேயே குத்திக்கொள்ளும் நயத்தையும், தொப்பிக்கடையின் மரியாதைகளையும், காருக்குள் பழைய ஆட்டப் பாடலொன்று ஒலித்ததும் அத்தம்பதியர் தம்மை மறந்து இளமைக்குத் திரும்பிவிடும் கணத்தையும் புறத்தார் எழுதியிருக்க முடியாது. அக்காட்சியில் அவர்கள்மீது நமக்கு அன்பு உண்டாகிறது. அந்த அன்பே பின்னர் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. அரக்கரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். அயலவரைப் பார்த்துச் சிரித்தால் வீட்டுக்கு வந்த பின்னரும் அதனைப் பற்றிச் சிந்திக்க வேண்டியிருக்கும்.

6

படத்தின் உண்மையான மையம் போதகர் அல்லர். றெஜினா ஹோல் நடித்த ட்ரினிற்றியே. சபையின் வழக்கில் அவள் ‘முதற் பெண்மணி’. அப்பட்டத்துக்குச் சம்பளம் இல்லை, அதிகாரமும் இல்லை. உடுத்துதல், புன்னகைத்தல், மன்னித்தல் என்பனவே அவளது தொழில். அவள் வாங்கும் விலையுயர்ந்த தொப்பி ஆடம்பரமாக நமக்குத் தோன்றலாம். உண்மையில் அது தொழிற்கருவி. கணவனின் வீழ்ச்சிக்குப் பின்னர் அவளது உழைப்பு மேலும் கடுமையாகிறது. இப்போது அவள் உற்பத்தி செய்ய வேண்டியது நம்பகத்தன்மை. "மனைவியே உடன் நிற்கிறாள், ஆகவே பெரிதாக ஒன்றும் நிகழவில்லை" என்னும் செய்தியை அவளது உடல் ஒவ்வொரு நாளும் அறிவித்துக்கொண்டிருக்க வேண்டும். தாயிடம் ஆறுதல் தேடிச் சென்றபோது அங்கும் கிடைப்பது திருமணத்தைக் காத்துக்கொள் என்னும் அறிவுரையே. குடும்பம் என்னும் நிறுவனமும் சபை என்னும் நிறுவனமும் ஒரே கணக்கேட்டைப் பேணுகின்றன.

கதையின் பிற்பகுதியில், வீதியோரத்தில் ஹோர்ன் அடிக்கும்படி எழுதிய அட்டையுடன் நிற்க நேர்ந்த அவள், இன்னும் ஒரு படி கீழிறக்கப்படுகிறாள். கணவனின் வற்புறுத்தலால் முகத்தில் வெண்சாயம் பூசி, பேச்சின்றி உடலசைவால் இறைவனைப் போற்றும் ஊமநடனத்தை ஆட வேண்டியவளாகிறாள். கறுப்பினத் திருச்சபைகளில் உண்மையாகவே வழக்கிலுள்ள ஒரு வழிபாட்டுக் கலைவடிவம் இது. அவ்வடிவத்தைப் படம் கேலி செய்யவில்லை. அவளிடமிருந்து குரல் பறிக்கப்பட்டதை அவ்வடிவத்தினூடாகக் காட்டுகிறது. அச்சாயம் கலையாத முகத்துடன் அவள் விவரணக் குழுவின் நெறியாளரை நோக்கித் தன் சினத்தைக் கொட்டும் இடமே படத்தின் உச்சம். பேசக்கூடாத வேடத்தில் இருந்துகொண்டே அவள் பேசுகிறாள். அங்கே அங்கதம் முடிந்து, அவலம் தொடங்குகிறது. நடிகையின் ஆற்றல் அவ்விடத்தில் வியக்கத்தக்கது.

7

ஆயினும் நமது முதல் வினா இன்னும் எஞ்சியுள்ளது. திரைக்குப் பின்னால் நாம் கண்டது தனிமனித முகமா, சமூக உறவா?

சபையை விட்டுச் சென்ற அந்தப் பல்லாயிரவர் யார்? எத்தொழில் புரிவோர்? வாரந்தோறும் தமது வருமானத்திற் பத்திலொன்றை எதனைப் பிரிந்து கொடுத்தனர், எதனை எதிர்பார்த்துக் கொடுத்தனர்? படம் இவற்றைக் கேட்பதில்லை. எஞ்சிய ஐவரும் நகைச்சுவைக்குரிய சிறு பாத்திரங்களாகவே வந்து போகின்றனர். அவர்கள் ஏன் போகவில்லை என்னும் வினாவிலே ஒரு பெருங்கதை ஒளிந்துள்ளது. படம் அதனைத் தொடாது கடக்கிறது. 2008இன் நிதி நெருக்கடியில் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் ஏனையோரிலும் மிகுதியாகத் தமது வீடுகளை இழந்தன. மருத்துவச் செலவும் கடனும் நிலையற்ற வேலையும் மனிதரை நாளாந்தம் அச்சுறுத்தும் ஒரு சமுதாயத்தில், ‘விதைத்தால் அறுப்பாய்’ என்னும் வாக்குறுதி மூடத்தனத்தினால் மாத்திரம் நம்பப்படுவதன்று. வேறெந்த நிறுவனமும் அவர்களுக்கு வாக்குறுதி எதனையும் வழங்காமையினாலும் அது நம்பப்படுகிறது. அந்தத் தேவையைக் காட்டாது, அதனைப் பயன்படுத்தியவரை மாத்திரம் காட்டும் அங்கதம் பாதி உண்மையையே கூறுகிறது.

பாதிக்கப்பட்ட இளைஞர்கள் பற்றியும் இதனையே கூறவேண்டும். அவர்களுள் ஒருவன் வீதியோரத்தில் வந்து போதகரை எதிர்கொள்ளும் காட்சி படத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்று. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நாம் திடீரென வெட்கமுறுகிறோம். போதகரின் குற்றம் அவரது பால்விருப்பில் இல்லை. தம்மை நம்பி வந்தோர்மீது தமக்கிருந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தியதிலேயே உள்ளது என்னும் வேறுபாட்டை அக்காட்சி நுட்பமாக உணர்த்துகிறது. ஆனால் அவன் வந்தவாறே போய்விடுகிறான். அவனது வாழ்க்கை படத்தின் பொருளாகவில்லை. போதகரின் குடும்ப அவலத்துக்கு ஒரு சாட்சியாகவே அவன் பயன்படுகிறான். சுரண்டலின் கதை ஈற்றில் மணவாழ்க்கையின் கதையாகச் சுருங்குகிறது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது போட்டிச் சபை பற்றிய பகுதியாகும். முன்னர் சைல்ட்ஸின் சபையில் இருந்த சம்ப்ரர் தம்பதியர் இப்போது புதிய சபையொன்றை நடத்துகின்றனர். கணவனும் மனைவியும் சமமான போதகர்கள். இளமையும் பணிவும் நவீனத்தன்மையும் உடையவர்கள். மூத்தோர் கலைத்த மந்தை இளையோரிடம் சேர்கிறது. இரு தம்பதியரும் சந்தித்து இனிய சொற்களால் மோதிக்கொள்ளும் காட்சி, அயலில் அயலில் உள்ள இரு கடைக்காரரின் பேச்சையே ஒத்திருக்கிறது. வாடிக்கையாளர் கடையை மாற்றினரேயன்றிப் பண்டத்தை மாற்றவில்லை. 2011இன் விசாரணையும் 1989இன் தீர்ப்பும் செய்யமுடியாத ஒன்றைச் சந்தை செய்தது: ஒருவரை அகற்றியது. ஆனால் அந்த இடத்தை அது வெறுமையாக விடவில்லை. படம் இதனை விரித்துரைக்காவிடினும் கண்டிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

8

படத்தின் சொந்த வரலாறும் சிந்தனைக்குரியது. சுயாதீனமாக உருவான இப்படைப்பு சண்டான்ஸ் விழாவிற் காட்டப்பட்டபின், ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, திரையரங்குகளிலும் பீக்கொக் என்னும் இணையவழி ஒளிபரப்புச் சேவையிலும் ஒரே நாளில் வெளியிடப்பட்டது. இரண்டும் ஒரே பெருங்குழுமத்தின் கிளைகள். இறைவார்த்தைக்கான நேரத்தை விற்ற தொலைக்காட்சிக் கைத்தொழிலின் வாரிசே, அவ்விற்பனையை நகையாடும் படத்தையும் விற்கிறது. இதனைக் கொண்டு படைப்பாளியைக் குறைகூறுவது சிறுபிள்ளைத்தனம். கலைஞர் எவரும் தமது காலத்து உற்பத்தி உறவுகளுக்கு வெளியே நின்று படைப்பதில்லை. ஆயினும், எவ்வளவு சிரிப்பை அக்கைத்தொழில் சகித்துக்கொள்ளும் என்பதற்கு இது ஓர் அளவுகோலாகும். போதகரைப் பார்த்துச் சிரிப்பதை அது சகித்துக்கொள்ளும். விற்பனையைப் பார்த்துச் சிரிப்பதை எவ்வளவு தூரம் சகித்துக்கொள்ளும் என்பது வேறு வினா.

இன்னொரு செய்தியும் கூறத்தக்கது. படம் வெளிவந்த அதே 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முன்னர் நாம் குறிப்பிட்ட கிறெஃப்லோ டொலர், தசமபாகம் பற்றித் தாம் அதுகாறும் போதித்தவை பிழையானவை எனத் தமது சபையின் முன் அறிவித்தார். பிழை ஒப்புக்கொள்ளப்பட்டது. அப்பிழையின் பேரில் ஆண்டாண்டாகக் கொடுக்கப்பட்ட பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அவர் எதுவும் அறிவிக்கவில்லை. அங்கதக் கலைஞர் எவரும் கற்பனையில் இதனினும் கூர்மையான காட்சியை அமைத்துவிட முடியாது. பாவமன்னிப்பு என்னும் சமயக் கருத்து, பொருளியற் பொறுப்பினின்றும் விடுபடும் வழியாக எவ்வாறு தொழிற்படுகிறது என்பதையே ஈபோவின் படமும் தன் வழியில் காட்டுகிறது. லீ-கேர்ற்றிஸ் மன்னிப்பை வேண்டி நிற்கிறார். ஆனால் எவரிடம் என்பது அவருக்குத் தெளிவாக இல்லை. இறைவனிடம் கேட்டால் கணக்கு முடிந்துவிடும் என அவர் எண்ணுகிறார். வீதியோரத்தில் வந்து நின்ற இளைஞனிடம் கேட்க வேண்டுமென்பது அவருக்குத் தோன்றுவதில்லை.

இப்படத்திலிருந்து முற்போக்கு விமர்சனம் கற்கவேண்டியது யாது? நம்பிக்கையுடையோரிடம் மென்மையாகவும், அந்நம்பிக்கையைப் பண்டமாக்கும் உறவுகளிடம் கடுமையாகவும் இருத்தல் வேண்டும் என்பதே. ஈபோவின் படம் முதலாவதை மிகச் சிறப்பாகச் செய்கிறது. இரண்டாவதைத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நம் எழுத்துகளிற் பெரும்பாலானவை இரண்டாவதைச் செய்வதாக எண்ணி, முதலாவதையும் இழந்துவிடுகின்றன. அவ்வகையில் நாம் அப்படத்துக்குக் கடமைப்பட்டுள்ளோம்.

படத்தின் தலைப்பாக அமைந்த அந்த அட்டையைப் பற்றி ஒரு சொல் கூறி நிறைவு செய்யலாம். மொன்ற்கொமரியில் மக்கள் ஓராண்டுக்கு மேலாகப் பேருந்தைப் புறக்கணித்து நடந்து சென்றனர்; தேவாலயம் அவர்களுக்குப் பாதையோரத்து நிழலாயிற்று. இங்கே போதகரும் மனைவியும் பாதையோரத்தில் நிற்க, மக்கள் வாகனங்களிற் கடந்து செல்கின்றனர். சிலர் ஹோர்ன் அடிக்கின்றனர். ஹோர்ன் அடிப்பதற்கு வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. எவருடனும் பேச வேண்டியதில்லை. எதனையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு கூட்டு நம்பிக்கை இவ்வாறு ஓர் ஒலியாகத் தேய்ந்துபோனமைக்கு அந்தப் போதகர் மாத்திரம் பொறுப்பாளி அல்லர். அதன் காரணங்களைத் தேடுவது, படம் முடிந்து விளக்குகள் எரிந்தபின் நம்மிடம் விடப்பட்ட பணி.